உலக முடிவிலிருந்து கீழே பார்த்தால்: ஹோட்டன் சமவெளிப் பயணமும் மலையகத் தமிழரும்

(ரொறன்ரோவில் பெற்றோருக்கும் இளையோருக்குமாக நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பாடசாலை விடுமுறை தொடங்கியதும் ஸ்காபரோ, மார்க்கம், பிரம்டன் ஆகிய இடங்களிலிருந்து எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் தாயகம் நோக்கிப் புறப்படுகின்றன. அவற்றின் பயணத் திட்டம் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். கொழும்பில் ஓரிரு நாள்கள், யாழ்ப்பாணத்தில் இரண்டு அல்லது மூன்று கிழமைகள், நல்லூர்த் திருவிழா, உறவினர் வீடுகள், பிறகு திரும்பும் வழியில் பிள்ளைகளுக்காக இரண்டு நாள் மலைநாடு. அந்த இரண்டு நாள்களுள் ஒன்றில் அதிகாலையில் வான் பிடித்து ஹோட்டன் சமவெளிக்குச் செல்வார்கள். உலக முடிவு என்னும் செங்குத்துப் பாறையின் விளிம்பில் நின்று படம் எடுப்பார்கள். வரும் வழியில் கூடையுடன் நிற்கும் கொழுந்து பறிக்கும் பெண் ஒருவரையும் படம் எடுப்பார்கள். மாலையில் கொழும்பு திரும்பிவிடுவார்கள்.

இப்பயணத்தைக் குறை கூறுவதற்காக இவ்வுரை நிகழ்த்தப்படவில்லை. பிள்ளைகளை மலைக்கும் காட்டுக்கும் அழைத்துச் செல்லும் பெற்றோர் பாராட்டப்பட வேண்டியவர்கள். ஆயினும் அந்த மலையைப் பற்றியும் அதன் அடிவாரத்தில் வாழும் தமிழரைப் பற்றியும் சிறிது அறிந்துகொண்டு, இன்னும் ஓரிரு நாளைக் கூட்டிச் சென்றால் அந்தப் பயணம் முற்றிலும் வேறொன்றாக அமையும். அதற்கு உதவும் சில செய்திகளே இங்கு கூறப்படுகின்றன.

ஹோட்டன் சமவெளி, நுவரெலியாவுக்குத் தெற்கே கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேல் உயர்ந்து கிடக்கும் ஒரு மேட்டுநிலம். சிங்கள மக்கள் இதனை மகா எலிய என அழைத்து வந்தனர். 1831 முதல் 1837 வரை இலங்கையின் ஆளுநராக இருந்த றொபேர்ட் வில்மட் ஹோட்டனின் பெயரை ஆங்கிலேயர் இதற்குச் சூட்டினர். 1969இல் இயற்கை ஒதுக்ககமாகவும், 1988இல் தேசியப் பூங்காவாகவும் இது அறிவிக்கப்பட்டது. சிவனொளிபாதமலைக் காடுகள், நக்கிள்ஸ் மலைத்தொடர் ஆகியவற்றுடன் சேர்த்து 2010ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலக மரபுரிமைப் பட்டியலில் இணைத்தது. பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 3,160 ஹெக்டயர். கனடாவின் பூங்காக்களோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய நிலம். ஆனால் மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று பேராறுகளுக்கும் நீர் இங்கிருந்து புறப்படுகின்றது. வயலுக்கும் குடிநீருக்கும் மின்சாரத்துக்கும் இலங்கையின் பெரும்பகுதி இந்த ஆறுகளையே நம்பியுள்ளது என்பது குறிப்பிடத்தக்கது.

நடைபாதை ஒரு வட்டமாகச் செல்கிறது. அதன் நீளம் சுமார் 9 கிலோமீற்றர். பழைய வேட்டை விடுதியான பார் இன் கட்டடத்தில் தொடங்கி, புல்வெளியைக் கடந்து, குட்டையான மரங்கள் நிறைந்த முகில்காட்டினுள் நுழைந்து, முதலில் சிறிய உலக முடிவையும் பின்னர் பெரிய உலக முடிவையும் அடைந்து, பேக்கர் நீர்வீழ்ச்சி வழியாக மீண்டும் புல்வெளிக்கு வந்து சேரும். பத்து வயதுப் பிள்ளையும் நடக்கக்கூடிய பாதைதான். மூன்று மணி நேரம் போதும். பெரிய உலக முடிவில் தரை திடீரென முடிந்து, ஏறத்தாழ 870 மீற்றர் ஆழத்துக்குப் பாறை இறங்குகிறது. ரொறன்ரோவின் சீ.என். கோபுரத்தின் உயரம் 553 மீற்றர். அத்தகைய கோபுரம் ஒன்றின் மீது இன்னொன்றில் பாதியை வைத்தாலும் அந்த ஆழம் நிரம்பாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

காலை ஆறு மணிக்கே வாயிலில் நிற்க வேண்டும் என்று வழிகாட்டிகள் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. வெயில் ஏற ஏறத் தாழ்நிலத்துக் காற்று வெப்பமடைந்து, ஈரத்தைச் சுமந்தபடி பாறைச் சுவரை ஒட்டி மேலெழும். மேலே குளிரில் அது முகிலாகத் திரளும். ஒன்பது, பத்து மணிக்குள் உலக முடிவு ஒரு வெண்திரையாகிவிடும். யூலை, ஓகஸ்ட் மாதங்களில், அதாவது கனடாவின் கோடை விடுமுறையில், தென்மேற்குப் பருவக்காற்றினால் மழையும் மூடுபனியும் மிகுதி. தை முதல் பங்குனி வரையான காலமே தெளிவானது. ஆனால் அப்போது அதிகாலையில் புல்லின் மீது உறைபனி படியும். கனடாவில் வளர்ந்த பிள்ளைகள் இலங்கையில் குளிர் இராது என்று எண்ணி மெல்லிய சட்டையுடன் வந்து நடுங்குவது அங்கு வழக்கமான காட்சி.

வனவிலங்குகளைக் காணச் செல்வோர் முதலில் காண்பது மரை. தமிழகத்தில் கடமான், மிளா என அழைக்கப்படும் அதே பெரிய மான்தான் இது. காலையிலும் மாலையிலும் புல்வெளியில் கூட்டமாக மேயும். வாகனத் தரிப்பிடத்தில் மனிதரிடம் உணவு வாங்கிப் பழகிய மரைகளும் உண்டு. அவற்றுக்கு உணவு கொடுக்கலாகாது. வாயிலில் பைகளைத் திறந்து பார்த்துப் பொலித்தீன் உறைகளைக் காவலர் அகற்றுவதும் இதன்பொருட்டே. சிறுத்தை உண்டு, ஆனால் காண்பது அரிது. யானை இப்போது இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கில அதிகாரிகள் விளையாட்டாக அவற்றைச் சுட்டுக் குவித்தனர். நீர்வீழ்ச்சிக்குப் பெயர் தந்த சாமுவேல் பேக்கர், நுவரெலியாவில் வாழ்ந்த காலத்தில் நாய்க்கூட்டத்தை ஏவி மரை வேட்டையாடியதைத் தம் நூலிலேயே பெருமையுடன் எழுதியவர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் எனக் கூறப்படும் மேஜர் றொஜர்ஸ் என்பவர் 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். மலைநாட்டில் அந்தக் கதையைச் சொல்பவர் எவரும் அவருக்காக வருந்திச் சொல்வதில்லை.

சிறிய உயிர்களே இம்மலையின் தனிச்செல்வம். மூக்கின் நுனியில் கொம்பு முளைத்த ஓணான் ஒன்று இலங்கையின் மத்திய மலைகளில் மட்டுமே வாழ்கிறது. பாசி படர்ந்த மரக்கிளையில் அசையாது இருக்கும் அதனைக் காண்பதற்குப் பொறுமை வேண்டும். ஊதாமுக மந்தியின் மலையினத்துக்கு மயிர் மிகத் தடித்திருப்பதால் ஆங்கிலேயர் அதனைக் கரடிக்குரங்கு என்றனர். இங்குள்ள தேவாங்கு இனம் பல பத்தாண்டுகளாக அற்றுப்போனதாகவே கருதப்பட்டிருந்தது. 2009இல் எடுக்கப்பட்ட அதன் படங்கள் 2010இல் வெளியானபோது உலகெங்கும் செய்தியாயிற்று. மறுபுறம், முகில்காட்டின் மரங்கள் பல இடங்களில் உச்சியிலிருந்து காய்ந்து பட்டுப்போகின்றன. மண்ணின் தன்மை, வறட்சி, காற்று மாசு, மரைகள் பட்டையைக் கடித்தல் எனப் பல காரணங்களை ஆய்வாளர் ஆராய்ந்துள்ளனர். எந்த ஒன்றும் முழு விளக்கமாக அமையவில்லை. நடைபாதையில் வெள்ளெலும்புபோல் நிற்கும் மரங்களைப் பார்த்துப் பிள்ளைகள் கேட்டால் பெற்றோர் இதனைச் சொல்லலாம்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகளில் ஐந்திணைகளை மனப்பாடம் செய்யும் பிள்ளைகளுக்கு இம்மலை இன்னொன்றையும் தருகிறது. குறிஞ்சித் திணைக்குப் பெயர் தந்த செடியின் இனத்தைச் சேர்ந்த செடிகள் ஹோட்டன் சமவெளியின் காட்டடியில் நிறைந்துள்ளன. சிங்களத்தில் அவை நெலு எனப்படும். அவற்றுட் பல, ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருங்கே பூத்து, விதைத்து, ஒருங்கே மடிகின்றன. அவ்வேளையில் காட்டுக்கோழிகள் விதை தின்னத் திரள்கின்றன. மூணாறில் 2006இலும் 2018இலும் மலைச்சரிவுகளை நீலமாக்கிய நீலக்குறிஞ்சிக்கு இவை நெருங்கிய உறவு. நீலகிரியில் காட்டுப்பூவரசு எனப்படும் செம்மலர் மரத்தின் உடன்பிறப்பும் இங்கு உண்டு. கடலால் பிரிந்த இரு மலைகளில் ஒரே குடும்பத்து மரங்கள் நிற்கின்றன. மரங்கள் எவ்வாறு வந்தன என்பதற்கு நிலவியலாளரிடம் விடை உண்டு. மனிதர் எவ்வாறு வந்தனர் என்பதற்கு விடை உலக முடிவின் விளிம்பிலேயே உண்டு.

அந்த விளிம்பில் முகில் இல்லாத காலையில் நின்று நேர் கீழே பார்த்தால், பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் ஒரு தேயிலைத் தோட்டம் தெரியும். அதன் பெயர் நொன்பரேல். தேயிலைக்கு நடுவே தீப்பெட்டிகளை அடுக்கியதுபோல் தெரிபவை தொழிலாளர் குடியிருப்பின் கூரைகள். பெரும்பாலான பயணிகள் தொலைவிலுள்ள நீர்த்தேக்கத்தையும், வானம் மிகத் தெளிவாக இருந்தால் தென்கடலையும் தேடுவார்கள். வழிகாட்டிகளும் கடலையே சுட்டிக் காட்டுவார்கள். அந்தக் கூரைகளின் கீழ் பேசப்படுவது தமிழ் என்பதை ரொறன்ரோவிலிருந்து செல்லும் பிள்ளைக்கு எவரும் சொல்வதில்லை.

பூங்காவின் வரைபடத்தில் ஹோட்டன், பேக்கர், பார் ஆகியோரின் பெயர்கள் உள்ளன. ஒருவர் ஆண்டார், ஒருவர் வேட்டையாடினார், ஒருவர் பெயரில் பழைய விடுதி நிற்கிறது. இம்மலைக்கு வரும் பாதைகளை வெட்டியவர்கள், பட்டிப்பொல வரை புகையிரதப் பாதையைக் கல்லுடைத்து ஏற்றியவர்கள் எவருடைய பெயரும் அங்கில்லை. பட்டிப்பொல இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம். மலைநாட்டுப் பாதை 1885இல் நானுஓயாவையும், 1894இல் பண்டாரவளையையும், 1924இல் பதுளையையும் எட்டியது. கோப்பிக்கும் தேயிலைக்கும் காடழித்தவர்களும், வீதி அமைத்தவர்களும், இந்த இருப்புப் பாதையில் உழைத்தவர்களுட் பெரும்பாலோரும் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழர்கள்.

அவர்களின் வருகை 1820களில் தொடங்கியது. தென்னிந்தியக் கரையிலிருந்து படகில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். காய்ச்சலுக்கும் பசிக்கும் வழியில் மடிந்தோர் மிகப் பலர். 2023ஆம் ஆண்டில் இருநூறாவது ஆண்டு நினைவாக, மலையக மக்களும் அவர்களின் தோழர்களும் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை யூலை 28 தொடங்கி ஓகஸ்ட் 12 வரை நடந்தே சென்றனர். ஹோட்டன் சமவெளியில் ஒன்பது கிலோமீற்றர் நடந்து களைத்த பிள்ளையிடம் அந்த நடைபயணத்தைப் பற்றிச் சொல்வது பொருத்தமாகும்.

இன்னொரு செய்தியும் இங்கு கூறத்தக்கது. தேயிலை ஏன் ஹோட்டன் சமவெளியை விழுங்கவில்லை? 1873இல், தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் அறிவுரைப்படி, 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிக்கலாகாது என்று பிரித்தானிய அரசு ஆணையிட்டது. மலைக்காடு அழிந்தால் ஆறுகள் வற்றும் என்பதே அதன் காரணம். ஆணை எல்லா இடத்திலும் கடைப்பிடிக்கப்படவில்லை என்பதற்கு நுவரெலியாவைச் சுற்றியுள்ள தேயிலையே சான்று. ஆயினும் அந்தக் கோட்டினால்தான் இன்று மேலே பூங்காவும் கீழே தோட்டமுமாக மலை பிரிந்து நிற்கிறது. காட்டைக் காக்க நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு சட்டம் எழுதப்பட்டது. காட்டின் கீழே வாழ்ந்த மனிதருக்கு எழுதப்பட்ட சட்டங்கள் வேறுவிதமானவை.

1946ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இலங்கையின் மக்கள்தொகையில் நூற்றுக்கு 11.7 பேர் இந்தியத் தமிழர் எனப் பதியப்பட்டனர். 1947 பொதுத்தேர்தலில் அவர்கள் வாக்களித்தார்கள். எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் சென்றது அத்தேர்தலில்தான். அடுத்த ஆண்டே, 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. தந்தை அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்தமைக்குச் சான்று வேண்டும் என்றது அச்சட்டம். பிறப்புப் பதிவே இல்லாத லயன் அறைகளில் பிறந்தவர்கள் பாட்டனின் பிறப்புச் சான்றுக்கு எங்கே போவார்கள்? அகதி விண்ணப்பத்துக்காக ஒவ்வொரு தாளையும் தேடியலைந்த ரொறன்ரோவின் முதல் தலைமுறையினருக்கு இதன் பொருளை விளக்கத் தேவையில்லை. பெரும்பான்மையான மலையகத் தமிழர் குடியுரிமையையும், அதனோடு வாக்குரிமையையும் இழந்தனர்.

1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை 9,75,000 பேரை எண்ணிக்கையாகப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம் என்று முடிவு. 1974இல் அவர்களையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். அம்மக்களிடம் எவரும் கேட்கவில்லை. ஒரே லயத்தில் அண்ணன் இந்தியனாகவும் தம்பி இலங்கையனாகவும் ஆனார்கள். இன்று நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கங்களில் சென்று கேட்டால், ஹட்டனையும் பதுளையையும் ஊர் என்று சொல்லும் முதியோரைக் காணலாம். குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவர்களின் பங்கு நூற்றுக்கு ஏறத்தாழ நான்காகக் குறைந்திருந்தது. அவர்களுள் ஒரு பகுதியினர் தம்மை இலங்கைத் தமிழர் எனப் பதிந்துகொண்டமையும் இதற்குக் காரணம்.

இவ்வரலாற்றில் வடக்கு, கிழக்குத் தமிழரின் பங்கையும் மறைக்காமல் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். 1949இல் தமிழ்க் காங்கிரசு பிளவுபட்டு எஸ். ஜே. வி. செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சி தோன்றியதற்கு மலையகத் தமிழரின் குடியுரிமைக் கேள்வி ஒரு முதன்மைக் காரணம். அவர்களுக்காகப் பதவியைத் துறந்து நின்ற தலைவர்கள் இருந்தார்கள் என்பது பெருமைக்குரியது. அதே காலத்தில், மலையகச் சிறுவரை வீட்டு வேலைக்கு வைத்திருந்த வீடுகளும், தோட்டக்காட்டான் என்ற சொல்லை வாய்கூசாது வழங்கிய வாய்களும் இருந்தன. அச்சொல் ரொறன்ரோவிலும் முற்றாக மறைந்துவிட்டதாகக் கூற முடியாது. 1977, 1983 வன்செயல்களின்போது தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்டு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் குடியேறிய மலையக மக்கள் பலர். 2009இல் வன்னியில் உயிரிழந்தோர் பட்டியலில் அவர்களும் உள்ளனர். மே 18இல் விளக்கேற்றும் குடும்பங்கள், ஹட்டன் வழியே செல்லும்போது அம்மக்களை வேற்றாராகப் பார்ப்பது பொருந்துமா என்று இளையோர் கேட்கலாம். கேட்கவும் வேண்டும்.

கனடாவிலுள்ள மலைப்பூங்கா ஒன்றின் கதை இவ்விடத்தில் பயன்படும். றொக்கி மலையிலுள்ள பான்ப் கனடாவின் முதலாவது தேசியப் பூங்கா. 1885இல் வெந்நீரூற்றுகளைச் சுற்றிய சிறு ஒதுக்கிடமாக அது தொடங்கியது. அம்மலைகளில் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடி வாழ்ந்த ஸ்டோனி நக்கோடா மக்கள், பூங்கா அமைந்த பின்னர் அங்கு வேட்டையாடலாகாது எனத் தடுக்கப்பட்டனர். முதலாம் உலகப் போரின்போது, ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு உள்ளிட்ட எதிரி நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று கூறி, உக்ரேனியக் குடியேறிகள் உள்ளிட்ட 8,579 பேரைக் கனடா தடுப்பு முகாம்களில் அடைத்தது. பான்ப் பூங்காவினுள் காசில் மலையடிவாரத்தில் 1915 முதல் 1917 வரை அத்தகைய முகாம் ஒன்று இருந்தது. முள்வேலிக்குப் பின்னே கூடாரங்களில் வாழ்ந்த அம்மனிதர்கள், இன்று பயணிகள் செல்லும் வீதியின் பகுதிகளை அமைத்தார்கள். அதன்பின் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அங்கு அதற்கு ஓர் அடையாளமும் இருக்கவில்லை.

உக்ரேனியக் கனடியர் இதனை விடவில்லை. ஆவணங்களைத் தேடினர், உயிரோடிருந்தோரின் வாக்குமூலங்களைப் பதிந்தனர், நாடாளுமன்ற உறுப்பினர்களின் கதவைத் தட்டினர். 1995இல் காசில் மலையடியில் ஒரு கைதியின் சிலை நிறுவப்பட்டது. அதன் பெயர் ஏன் என்ற ஒற்றைக் கேள்வி. 2005இல் அதற்கெனத் தனிச் சட்டம் நிறைவேறியது. 2013இல் பான்ப் பூங்காவிலேயே நிலையான காட்சிக்கூடம் திறக்கப்பட்டது. இப்போது அங்கு மான் பார்க்கச் செல்லும் பிள்ளையும் அந்தக் கதையைப் படித்துவிட்டுத்தான் திரும்புகிறது. பிரம்டன் சிங்குவாகூசிப் பூங்காவில் 2025 மே மாதத்தில் தமிழினப் படுகொலை நினைவகத்தைத் திறந்துவைத்த சமூகத்துக்கு, பூங்காவில் ஒரு கல் நடுவதன் பொருள் நன்கு தெரியும். ஹோட்டன் சமவெளியிலும் உலக முடிவின் அருகே, கீழே தெரியும் கூரைகள் யாருடையவை என்று மும்மொழியிலும் சொல்லும் ஒரு பலகையைக் கோருவது பெரிய வேண்டுகோள் ஆகாது. கோருவதற்கு முதல் உரிமை மலையக மக்களுக்கே உண்டு. அவர்கள் கேட்கும்போது குரல் சேர்ப்பது புலம்பெயர்ந்தோரின் கடன்.

இனி, பயணத்தைப் பற்றிச் சில நடைமுறைச் செய்திகள்.

ஒரே நாளில் கொழும்பிலிருந்து சென்று திரும்பும் திட்டத்தைக் கைவிடுவது நல்லது. ஒஹிய, பட்டிப்பொல, அப்புத்தளை, நானுஓயா ஆகிய ஊர்களில் எளிய தங்குமிடங்கள் உள்ளன. அவற்றிலிருந்து அதிகாலையில் பூங்காவை அடைவது எளிது. மேற்கே அக்கரப்பத்தனை, டயகமப் பக்கத்துத் தோட்டங்கள் பூங்காவின் எல்லையை ஒட்டியே அமைந்துள்ளன. பத்தன என்பது சிங்களத்தில் மலைப்புல்வெளி. அச்சொல் தமிழ் ஊர்ப்பெயர்களில் பத்தனை என நிலைத்திருப்பதைப் பிள்ளைகளுக்குச் சுட்டிக் காட்டலாம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உடையோருக்கு நுழைவுக் கட்டணம் உள்ளூராரைவிடப் பன்மடங்கு. தமிழில் பேசிக் கட்டணத்தைக் குறைக்க முயலும் சில பெரியோரின் திறமையைப் பிள்ளைகள் பழகாமல் இருப்பது நல்லது. அந்தப் பணத்தை மிச்சம் பிடிப்பதைவிட, தோட்டத்து இளைஞர் ஒருவரை வழிகாட்டியாக அமர்த்தி நியாயமான ஊதியம் கொடுப்பது சிறப்பு. எந்த மரத்தில் எந்தக் குருவி என்பதைப் பாடநூல் படித்தவரைவிட நன்கு அறிந்த இளைஞர்கள் அங்குள்ளனர்.

கொழுந்து பறிக்கும் பெண்களைப் படம் எடுப்பதற்கு முன் அனுமதி கேட்க வேண்டும். அவர்கள் பணி நேரத்தில் இருக்கிறார்கள். பல தோட்டங்களில் நாளுக்குப் பதினெட்டுக் கிலோ அளவில் கொழுந்து பறித்தாலே முழுநாட் சம்பளம். அட்டைக் கடியும் மழையும் அதற்குக் குறுக்கே நிற்கும். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாக வேண்டும் என்ற கோரிக்கைக்காக அவர்கள் பல ஆண்டுகள் வீதிக்கு இறங்கினார்கள். அது 2021இல்தான் அரசாணையாயிற்று. பணிமுடிந்து பிள்ளை மடுவத்தில் விட்ட குழந்தையைத் தூக்கிச் செல்லும் தாயிடம் நின்று நான்கு சொல் பேசினால், அவர் பேசும் தமிழின் இனிமையைப் பிள்ளைகள் கேட்பார்கள். யாழ்ப்பாணத் தமிழும் அன்று, சென்னைத் தமிழும் அன்று. கங்காணி, பெரட்டுக்களம், துரை, கணக்கப்பிள்ளை என ஒரு முழு உலகமே அத்தமிழில் உண்டு. முன்னரே படித்துச் செல்ல விரும்பும் பெற்றோர் தெளிவத்தை ஜோசப்பின் காலங்கள் சாவதில்லை என்னும் நாவலைத் தேடிப் படிக்கலாம்.

லயன் அறைகளைப் பார்வையிடும் பொருளாகக் கருதி உள்ளே எட்டிப் பார்ப்பது தகாது. அழைத்தால் சென்று தேநீர் அருந்தலாம், பெரும்பாலும் அழைப்பார்கள். இளையோர் அங்கு ஒன்றைக் கேட்டறியலாம்: இவ்வீட்டின் முகவரி என்ன? தலைமுறைகளாக அங்கு வாழ்ந்தும் நிலம் அவர்களுடையதன்று. தனி முகவரி இல்லாமையால் கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கே செல்லும் நிலை நெடுங்காலம் நீடித்தது. 2015க்குப் பின்னர் ஏழு பேர்ச் காணியுடன் தனிவீடு வழங்கும் திட்டமும், இந்திய அரசின் உதவியுடனான வீடமைப்பும் நடைபெற்றன. இன்னும் லயத்திலேயே வாழும் குடும்பங்கள் ஏராளம்.

அந்த லயன்கள் மண்சரிவின் பாதையில் அமைந்திருப்பது தற்செயலன்று. நல்ல நிலம் தேயிலைக்கு, எஞ்சிய சரிவு மனிதருக்கு என்றே அவை கட்டப்பட்டன. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் ஒரு மலைச்சரிவு லயன்களை முழுமையாகப் புதைத்தது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய தித்வா புயலின்போது நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மண்சரிவுகள் பெருந்தொகை உயிர்களைப் பலிகொண்டன. மலைநாட்டுப் புகையிரதப் பாதையும் பல இடங்களில் சேதமடைந்தது. ஆகவே பயணம் புறப்படுமுன் எதுவரை வண்டி ஓடுகிறது, எவ்வீதிகள் திறந்துள்ளன என்பதை அங்குள்ளோரிடம் விசாரித்துக்கொள்வது அவசியம். நிதி திரட்டி உதவ விரும்பும் குடும்பங்களும் அவ்வாறே, எந்தத் தோட்டத்துக்கு எது தேவை என்பதை அங்குள்ள மக்கள் அமைப்புகளிடம் முதலில் கேட்டறிதல் வேண்டும். பயன்படுத்திய ஆடைகளைப் பெட்டி பெட்டியாக அனுப்புவது பல வேளைகளில் அவர்களுக்கு இன்னொரு சுமையாகவே முடிகிறது.

வழிபாட்டில் நாட்டமுள்ள முதியோர் நுவரெலியா அருகே சீதா எலியவிலுள்ள சீதை அம்மன் கோயிலுக்குச் செல்வது வழக்கம். ஆயினும் தோட்டத்துச் சிறிய மாரியம்மன் கோயில்களில்தான் மலையகத்தின் உயிர் இருக்கிறது. மாசி மாதத்தில் செல்வோருக்குக் காமன் கூத்தைக் காணும் வாய்ப்புக் கிடைக்கலாம். கம்பம் ஊன்றி, நாள்தோறும் ஆடி, இறுதி இரவில் சிவன் காமனை எரிக்க, ரதி புலம்ப, ஊரே சூழ்ந்து நிற்கும் கூத்து அது. பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகியவற்றுடன் தலைமுறைகளைத் தாண்டி லயன்களில் வாழ்ந்து வரும் மூன்று பெருங்கூத்துகளுள் ஒன்று. ஒரு காலத்தில் தொழிலாளரை விடியற்காலையில் பெரட்டுக்கு எழுப்பிய அதே தப்புத்தான் கூத்துக்கும் முழங்கும். ஆட்டம் விடியும்வரை நீளும். மலைக்குளிரில் திறந்த வெளியில் அமர வேண்டியிருக்குமாதலால், ரொறன்ரோவில் அணியும் கம்பளிச் சட்டையைப் பெட்டியில் மறவாது வைத்துக்கொள்ள வேண்டும்.